கார் பெயின்டில் பசைக்கறையும் கீறலும்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகூர்த்த மாதம், ஆயுத பூஜை, தேர்தல். இந்த மூன்றில் எது முடிந்தாலும் அடுத்த வாரம் டிங்கரிங் பெயின்டிங் பட்டறைகளில் ஒரே மாதிரி வண்டிகளாக வந்து நிற்கும். பானட்டில் செலோ டேப் பசை, கதவில் கட்சி ஸ்டிக்கரின் மிச்சம், பம்பரில் சந்தனம் குங்குமம். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வண்டி ஸ்டிக்கர்கள் மீது 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கும் என்று அறிவித்தபோதும் இதே கதைதான். பத்து வருட ஸ்டிக்கரை ஒரே ராத்திரியில் பிய்த்தெடுத்துவிட்டு, மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். இதில் பசையால் பாழான வண்டி குறைவு. பசையை எடுத்த கையால் பாழான வண்டிகள்தான் அதிகம். வருகிறவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஸ்டிக்கரை உரித்துவிட்டேன், பசை மட்டும் நிற்கிறது. முதலில் எதைப் போடுவது?

முதலில் தண்ணீர். சிரிக்க வேண்டாம். பசையில் ஒட்டியிருக்கும் மண்ணோடு சேர்த்துத் தேய்த்தால் அந்த மண்ணே உப்புத்தாளாகிவிடும். வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு கார் ஷாம்பு போட்டு அந்த இடத்தைக் கழுவுங்கள்.

அடுத்தது வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய். பஞ்சில் நனைத்துப் பசைமேல் ஒட்டவைத்துவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள். எண்ணெய் பசைக்குள் இறங்கி அதைக் குழையவைக்கும். பிறகு கட்டைவிரலால் உருட்டினால் திரிதிரியாக வரும். வராத இடத்தில் இன்னொரு முறை எண்ணெய் வையுங்கள். எண்ணெய்க்கு அசையாத பசைக்கு நீலகிரித் தைலம். ஊட்டியிலிருந்து வாங்கி வந்து அலமாரியில் கிடக்குமே, அதேதான். எண்ணெயைவிட வேகமாக வேலை செய்யும். ஆனால் இதை ஊறவிடக் கூடாது. துணியில் கொஞ்சம் தொட்டு, ஓரிரு நிமிடத்தில் துடைத்துக் கழுவிவிட வேண்டும். ஹெட்லைட் பிளாஸ்டிக் மேல் படவே கூடாது. இறுகிய திருகுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே இருந்தால் அதுவும் ஆகும்.

கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் மிச்சப் பசையும் போய்விடும். துடைத்த இடத்தில் மெழுகும் போயிருக்கும், அதனால் பிறகு ஒரு கை வாக்ஸ் போட்டுவிடுங்கள்.

எதைப் போட்டாலும் முதலில் கதவின் உள்விளிம்பில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

ஸ்டிக்கர் முழுதாக உரிய மாட்டேன் என்கிறது. நகம் வைத்தால் துணுக்குத் துணுக்காக உடைகிறது.

வினைலை வளைந்து கொடுக்கவைக்கும் ரசாயனம் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பிறகு அது அப்பளம்தான். கூடவே பசையும் இறுகிவிடும். இதற்கு மருந்து சூடு. வீட்டு ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். தகட்டைத் தொட்டால் சுட வேண்டும், ஆனால் கையை எடுக்கவைக்கும் அளவுக்குச் சுடக் கூடாது. பட்டறையில் இருக்கும் ஹீட் கன் பழகாத கையில் பெயின்டைக் கொப்பளிக்க வைத்துவிடும். பிளாஸ்டிக் பம்பர் என்றால் நெளிந்தே போகும்.

சூடு ஏறியதும் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் முதுகின்மேலேயே மடக்கிப் படுக்கைவாட்டில் மெதுவாக இழுங்கள். நேராகத் தூக்கி வெடுக்கென்று இழுத்தால் பசை அங்கேயே தங்கிவிடும். ஏற்கெனவே ரீபெயின்ட் ஆன கதவு என்றால் பெயின்டும் சேர்ந்து வரக்கூடும்.

உலோக எழுத்து, கம்பெனிச் சின்னம் போன்றவற்றை எடுக்கத் தூண்டில் நரம்புதான் சரி. சூடு காட்டிவிட்டு, நரம்பை எழுத்துக்குப் பின்னால் விட்டு ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால் நுரைப்பசை நடுவில் அறுந்து எழுத்து கையோடு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பி, தகட்டில் பள்ளம் விழுந்த வண்டிகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

தின்னர் போட்டால் ஒரே நிமிடத்தில் போய்விடும் என்கிறார்களே?

போய்விடும். சில வண்டிகளில் பெயின்டும் சேர்ந்து போய்விடும், அதுதான் சிக்கல்.

தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அடுப்பில் வெந்தது. ஹார்டனர் கலந்து அடிக்கும் பியு (பாலியூரிதேன்) பெயின்டும் ஒருமுறை இறுகிவிட்டால் தின்னரில் லேசில் கரையாது. ஆனால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அப்படியல்ல. அது தின்னர் ஆவியானதால் காய்ந்தது, திரும்பத் தின்னர் பட்டால் திரும்பக் கரையும். பழைய அம்பாசிடர், ஜீப், எங்கோ மலிவாக டச்-அப் செய்த கதவு எல்லாம் இந்த வகையாக இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் எந்தக் கதவு எந்தப் பெயின்ட் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் தின்னரை வீட்டில் தொட வேண்டாம் என்கிறேன். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனுக்கும் இதே விதி.

பெட்ரோல் பற்றியும் கேட்பீர்கள். பசையை எடுக்கும்தான். ஆனால் ஹேர் டிரையரும் பெட்ரோலும் ஒரே வேலையில் இருப்பதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. மண்ணெண்ணெயும் பெயின்ட் கடை மினரல் டர்பன்டைனும் அதைவிடச் சாது. தொட்டுத் துடைத்து உடனே ஷாம்பு போட்டுக் கழுவினால் நல்ல லாக்கருக்கு, அதாவது நிறத்துக்கு மேலே பூசிய நிறமில்லாத பூச்சுக்கு, ஒன்றும் ஆகாது. கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கில் மட்டும் பட விடாதீர்கள், உப்பிவிடும்.

பிளேடால் சுரண்டலாமா?

கண்ணாடியில் தாராளமாக. ஃபாஸ்டேக் எடுத்த பசை, பழைய சன் ஃபிலிம் பசை எல்லாவற்றுக்கும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் புதுப் பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளினால் சுத்தமாக வரும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்த சமயத்தில் மாதக்கணக்கில் இந்த வேலைதான் ஓடியது. பின் கண்ணாடியில் மட்டும் பிளேடு வேண்டாம். பனி நீக்கும் மெல்லிய கோடுகள் அதன் உள்பக்கம்தான் இருக்கும். ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோடு வேலை செய்யாது.

பெயின்டில் பிளேடு கூடவே கூடாது. பழைய ஏ.டி.எம். கார்டு, அதுவும் விளிம்பில் துணி சுற்றி.

கல்யாண அலங்காரம் முடிந்த வெள்ளைக் கார். டேப் பசையோடு ரோஸ் நிறக் கறையும் இருக்கிறது.

கிரேப் பேப்பர் சாயம். அலங்காரம் செய்த அன்று மழை பெய்திருக்கும், அல்லது பூவுக்குத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். பசையை முன்சொன்னபடி எடுத்துவிட்டு, சாயக்கறைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சை ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். குங்குமக் கறைக்கும் இதுவே. ஒற்றியும் போகாமல் லாக்கரில் இறங்கிய சாயத்துக்குப் பாலிஷ்தான் வழி.

மஞ்சள் கறை வேறு சாதி. எதைப் போட்டாலும் போகாது, சும்மா விட்டால் போய்விடும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெயிலில் சிதைந்துவிடும். மேலே இருப்பதைக் கழுவிவிட்டு வண்டியைச் சில நாள் வெயிலில் நிறுத்துங்கள். ஆயுத பூஜைக் கறைக்காகப் பாலிஷ் போடச் சொல்லி வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருமானம் போனது உண்மைதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு டிரைவர் தம்பி, முதலாளி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பானட் முழுக்க டேப் பசையைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரால் தேய்த்துவிட்டார். அந்த நாரில் அரைப்புத் துகள் ஒட்டியிருக்கும், கடாயின் கருக்கை எடுப்பதற்காக. பசை போயிற்று, பானட் மேட் ஃபினிஷ் ஆயிற்று. லாக்கரில் ஆழம் மிச்சமிருந்ததால் பஃபிங்கிலேயே, அதாவது மெஷினில் பாலிஷ் போட்டே, காப்பாற்ற முடிந்தது. அவர் அதிர்ஷ்டம்.

பசை போய்விட்டது. ஆனால் ஸ்டிக்கர் இருந்த எழுத்து இன்னும் நிழல் மாதிரி தெரிகிறதே?

அது கறையல்ல. ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த பெயின்ட் வெயில் படாமல் புதுசாகவே இருக்கிறது, சுற்றி இருப்பதுதான் வெளுத்திருக்கிறது. ஆகவே பாலிஷ் போட வேண்டியது எழுத்தின் மேல் அல்ல, சுற்றியுள்ள தகடு முழுக்க. சிவப்பு வண்டியில் இது அதிகம் தெரியும். பாலிஷில் வித்தியாசம் குறையும், பழைய வண்டியில் முற்றிலும் மறையாமலும் போகலாம். சில மாதம் வெயில் பட்டால் தானாகவும் கொஞ்சம் சமமாகும்.

கீறல் எவ்வளவு ஆழம் என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது மேல் லாக்கரில் மட்டும் இருக்கிறது. பாலிஷில் போகும். அடுத்து, கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கி நின்றால் ஆழம் அதிகம். மூன்றாவது, நிறத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு என்றால் பெரும்பாலும் லாக்கர். சாம்பல் தெரிந்தால் நிறத்துக்கு அடியில் இருக்கும் பிரைமர் வரை போயிருக்கிறது. பளபளப்பான உலோகமோ செம்பழுப்போ தெரிந்தால் தகடு.

இன்னொன்றும் உண்டு. பல நேரம் கீறல் என்று கொண்டு வருவது கீறலே அல்ல, உரசிய வண்டியின் பெயின்ட் உங்கள் வண்டிமேல் ஒட்டியிருப்பது. பம்பர் மூலையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தடித்து நின்றால் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளமாக இல்லாமல் மேடாக இருந்தால் காம்பவுண்ட் (பாலிஷைவிடக் கரடான அரைப்புப் பசை) தொட்ட துணியாலேயே போய்விடும். கேட்டில் இடித்த பெயின்டுக்காகப் பம்பர் முழுக்க ரீபெயின்ட் பேசிவிட்டு வந்தவர்கள் உண்டு.

லாக்கர், பிரைமர் என்கிறீர்கள். மொத்தம் எத்தனை அடுக்கு?

தகட்டின்மேல் மின்சாரம் பாய்ச்சிப் படியவைத்த துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத லாக்கர். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். அதில் லாக்கர் மட்டும் 40, 50 மைக்ரான்தான். தினசரிப் பேப்பரின் ஒரு தாளைவிட மெல்லியது. பளபளப்பும் அதில்தான் இருக்கிறது, வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கும் சரக்கும் அதில்தான் இருக்கிறது.

கீறலை எடுப்பது என்றால் என்ன? கீறலை யாரும் எடுப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள லாக்கரைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். பாலிஷ் ஓரிரு மைக்ரான் எடுக்கும், காம்பவுண்ட் அதைவிடக் கொஞ்சம் அதிகம். போட்டு வைத்த பணத்தை எடுத்துச் செலவழிப்பது போல, திரும்பப் போட முடியாது. அதனால் வருடா வருடம் இலவசமாக ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாக்ஸ் மட்டும் போடச் சொல்லுங்கள்.

டூத்பேஸ்ட் தடவினால் கீறல் போகுமா?

லேசான கோடு போகும். பற்பசையிலும் அரைப்புத் துகள் இருக்கிறது. ஆனால் அது பல்லுக்கு அளந்து போட்டது. காரமில்லாத பாலிஷ் சின்ன டப்பா வாங்கினால் பல வருடம் வரும், அதைவிட்டு இதை ஏன் செய்ய வேண்டும்? உப்பு கலந்தது, கரி கலந்தது என்று வரும் பேஸ்ட்களைத் தொடவே தொடாதீர்கள்.

மெஷின் இல்லாமல் கையாலேயே காம்பவுண்ட் போடலாமா? எப்படி?

கையகல இடத்துக்கு நிச்சயம் போடலாம். சொல்லப்போனால் பழகாதவருக்குக் கைதான் பாதுகாப்பு. ஒரே திசையில் சுற்றும் ரோட்டரி பஃபிங் மெஷின் புதுக்கையில் சிக்கினால் கதவு விளிம்பில் நொடியில் பிரைமரைக் காட்டிவிடும். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் இருக்கும்.

இடத்தைக் கழுவி உலர்த்துங்கள். சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், வெள்ளைக் காம்பவுண்ட் அதில் ஏறினால் எளிதில் போகாது. ஸ்பான்ச் பேடில் பட்டாணி அளவு பாலிஷ். காம்பவுண்ட் அல்ல, முதலில் பாலிஷ். ஐந்தாறு தடவை குறுக்கும் நெடுக்கும் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். போகாவிட்டால்தான் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்ட இடத்தில் மங்கல் இருக்கும், அதற்குத் திரும்பப் பாலிஷ். இறுதியில் வாக்ஸ்.

தேய்க்கும் துணியில் வண்டியின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். லாக்கர் முடிந்துவிட்டது, அல்லது லாக்கரே இல்லாத ஒற்றைப் பூச்சு வண்டி.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பூர் பனியன் வேஸ்ட் கிரீஸ் துடைக்க அருமையான சரக்கு, பெயின்டுக்கு ஆகாது. தையல் முடிச்சு, பட்டன், எங்கிருந்தோ ஒட்டிய இரும்புத்தூள் எல்லாம் அதில் இருக்கும். மைக்ரோஃபைபர் துணி வாங்குங்கள். கீழே விழுந்தால் எடுத்து உதறிவிட்டுத் தொடராதீர்கள், துவையுங்கள்.

வாட்டர் பேப்பர் போட்டால்தான் போகும் என்கிறார் மெக்கானிக்.

தண்ணீர் விட்டுத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்தான் வாட்டர் பேப்பர். சில கீறலுக்கு உண்மைதான். 2000 நம்பரில் தொடங்கி 3000-இல் முடித்து, தண்ணீர் விட்டுக்கொண்டே, கீறல் உள்ள இடத்தில் மட்டும் தேய்த்துப் பிறகு பஃபிங். ஆனால் நகம் தடுக்குகிற கீறலை முழுக்க இறக்க நினைத்தால் லாக்கர் தீர்ந்துவிடும், சில மாதத்தில் அங்கே திட்டாக வெளுக்கும். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் இருக்கிற கடையில் கொடுங்கள். அளந்து பார்க்காமல் பேப்பரைக் கையில் எடுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பாதி மங்கிய கீறலோடு ஒரு வண்டி நன்றாகவே ஓடும்.

தகடு தெரியும் அளவுக்குச் சாவியால் கீறிவிட்டார்கள். என்ன செய்வது?

இரண்டு வேலை. கோபத்தை அடக்குவது ஒன்று, துருவை அடக்குவது இன்னொன்று. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரையோரம் என்றால் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் தொடங்கிவிடும். உடனே டச்-அப் முடியாவிட்டால், ஆல்கஹாலால் துடைத்துவிட்டு நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிசாகத் தடவிவையுங்கள். பெயின்டர் பிறகு தின்னரால் எடுத்துக்கொள்வார்.

டச்-அப் வாங்கும்போது ‘சில்வர்’, ‘வெள்ளை’ என்று கேட்டால் போதாது. வண்டியின் நிறக்குறியீடு கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒட்டிய தகட்டில் இருக்கும். மாருதியின் சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. அதோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமன். தீக்குச்சி முனையைச் சீவியோ பல்குத்தும் குச்சியாலோ பள்ளத்துக்குள் மட்டும் வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பாமல், காயவிட்டுக் காயவிட்டு மூன்று நான்கு முறை. கடைசியில் லாக்கர்.

மெட்டாலிக் நிறத்தில் டச்-அப் எப்போதும் தெரியும். அலுமினியத் துணுக்குகள் ஸ்ப்ரேயில் படுப்பதுபோலக் குச்சியில் படுக்காது. ஒரு முழம் தள்ளி நின்றால் தெரியக் கூடாது, அதுதான் இலக்கு.

பம்பர் கீறலுக்கு இன்சூரன்ஸ் கேட்கலாமா?

கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள். 1500 சிசி வரையான காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் உங்கள் கையிலிருந்து போவது, 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் கேட்காத வருடத்துக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறியது ஒரே கிளெய்மில் போய்விடும், அதற்கெனத் தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் தவிர. பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. சின்னக் கீறல் என்றால் இன்னொன்று விழும்வரை விட்டுவைத்து, பெயின்ட் வேலையைச் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். நம் ஊர் பார்க்கிங்கில் அதற்கு அதிக நாள் ஆகாது.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாதாமே, 9எச் கடினம் என்கிறார்கள்?

அந்த 9எச் பென்சில் கடின அளவு. வெவ்வேறு பென்சில்களால் கோடு போட்டுப் பார்க்கும் சோதனை அது. சாவியும் கருங்கல்லும் பென்சில் அல்ல. செராமிக் போட்டால் தண்ணீர் நிற்காது, கறை எளிதில் போகும், பளபளப்பு இருக்கும். அதற்காகப் போடுங்கள். கல்லடிக்குத் தாங்க வேண்டும் என்றால் பெயின்ட்மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலமான பிபிஎஃப் ஃபிலிம், விலை பல மடங்கு.

எங்கும் இடிக்கவில்லை, ஆனால் வெயிலில் பார்த்தால் சிலந்திவலை மாதிரி கோடு. ஏன்?

காலையில் வண்டியைத் துடைப்பவர் யார் என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாக எல்லாக் கார்களும். முதல் காரின் மண் கடைசிக் கார் வரை பயணம் போகிறது. அவர் மேல் குற்றமில்லை, மாதம் கொடுக்கும் காசுக்கு அவ்வளவுதான் ஆகும். தினமும் துடைக்காமல் வாரம் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள், ஷாம்புக்கு ஒன்று, துணி அலச ஒன்று என இரண்டு வாளி நீங்களே வாங்கிக் கொடுத்து. தூசி படிந்த வண்டிமேல் கவர் போட்டுக் காற்றில் அடிக்கவிடுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

ரீபெயின்ட் முடிந்த கதவில் திரும்ப ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஒரு மாதம் கழித்து. புதுப் பெயின்டிலிருந்து தின்னர் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும், அதை மூடினால் ஸ்டிக்கருக்கடியில் கொப்புளம் வரும். வாக்ஸுக்கு இரண்டு மாதமாவது பொறுங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கண்ணாடியில் ஒட்டுங்கள், பிளேடாலாவது எடுக்கலாம்.